மூலமும் வாசிப்பும்: ஒளிப்படக் கோப்புகளின் வரலாற்றில் ஒரு சிக்கல்

மூலத்தைக் காத்தல் வேறு. மூலத்தைப் படிக்கும் வழியைக் காத்தல் வேறு. இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணத்தார் ஏட்டுச்சுவடிகளின் வாயிலாக முன்னரே உணர்ந்தவர்கள். பண்டை ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடார். எகர ஏகாரங்களை வடிவால் வேறுபடுத்தார். ஆதலின், ஏடு பழுதின்றிக் கையிலிருப்பினும் அதனைப் படிக்கும் பயிற்சியில்லார்க்கு அஃது ஊமையே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் போன்ற பதிப்பாசிரியர் செய்த பணி, ஓலையிலுள்ளதைத் தாளுக்கு மாற்றியது மாத்திரமன்று. ஐயத்துக்கிடமான எழுத்தை இன்னதெனத் துணிந்து படித்ததுமாகும்.

இன்றைய எண்ணிம ஒளிப்படக்கலையிலும் அதே சிக்கல் வேறோர் உருவில் எழுந்துள்ளது. புதிய கமரா எழுதிய மூலக்கோப்பைப் பழைய படத்திருத்த மென்பொருள் திறக்கமாட்டாமை என்பதே அது.

மூலக்கோப்பின் இயல்பு

1975ஆம் ஆண்டிற் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த எண்ணிமக் கமரா, பதினாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன்கள் கொண்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் என்பார் வகுத்த நிறவடிகட்டி 1976இற் காப்புரிமை பெற்றது. அவ்வமைப்பில் உணரியின் புள்ளிகளிற் பாதி பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் அளக்கும். எனவே ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தையே அறியும். ஏனை இரண்டும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்தறியப்படல் வேண்டும்.

அக்கணிப்புக்கு முன்னுள்ள அளவுகளின் தொகுதியே மூலக்கோப்பு. கமரா தானே கணித்து முடித்துச் சுருக்கித் தருவது ஜேபெக் கோப்பு. முன்னது ஏடு எனின், பின்னது அச்சுப்பதிப்பு எனலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்திலும் 256 ஒளிநிலைகளையே தாங்கும். 14 இரும எண்களால் எழுதப்படும் மூலக்கோப்போ 16,384 நிலைகளைத் தாங்கும். குருநகர்க் கரையில் விடியற்காலையிற் படகுகள் மீனிறக்குங் காட்சியை ஒருவர் படம்பிடித்தாரெனக் கொள்வோம். கடனீரேரியின் நீர்ப்பரப்பு ஒளிவீசும். படகின் உட்புறமோ வலைக்குவியலோடு இருளில் அமிழ்ந்திருக்கும். அவ்விருளிலுள்ள வலைக்கண்ணையும் மீனவர் முகத்தையும் பின்னர் வெளிக்கொணர்தற்கு மூலக்கோப்பே பெரிதும் உதவும்.

திறவுகோல் யார் கையில்?

ஏட்டெழுத்து ஒரு நாட்டார் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது. மூலக்கோப்பின் எழுத்தோ அவ்வாறன்று. நிக்கன், கனன், சொனி முதலிய நிறுவனங்கள் தத்தமக்கென வெவ்வேறு வடிவங்களை வகுத்தன. கோப்பின் பெயரீறு மாறாவிடினும், புதிய கமரா ஒன்று வெளிவருந்தோறும் அதன் நிற இயல்பு முதலிய விவரங்கள் மாறும். அவற்றை மென்பொருள் புதிதாகக் கற்றாலன்றிப் படிக்க இயலாது.

1990இல் வெளிவந்த போட்டோஷொப்புக்கு மூலக்கோப்பைப் படிக்கும் துணைக்கருவியை அடோபி நிறுவனம் 2003இல் வழங்கியது. அதன்பின் புதுக் கமராக்களுக்கேற்பத் துணைக்கருவியும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2012இல் வந்த சீ.எஸ்.6, ஒருமுறை விலைகொடுத்து என்றும் வைத்திருக்கத்தக்க போட்டோஷொப்பின் இறுதிப் பதிப்பாயிற்று. இனிச் சந்தா முறை மட்டுமே என்பது 2013இல் அறிவிக்கப்பட்டது. சீ.எஸ்.6க்குரிய துணைக்கருவி 2015இல் 9.1.1 என்னும் பதிப்போடு நின்றது. கனன் நிறுவனமோ 2018இல் எம்.50 கமராவோடு சீ.ஆர்.3 என்னும் முற்றிலும் புதிய வடிவத்தைப் புகுத்தியது. அக்கோப்பு சீ.எஸ்.6இல் நேரே திறவாது. கருவி தேயவில்லை, கோப்பும் கெடவில்லை. ஆயினும் சிறு படக்கூடமும் பாடசாலையும் முழுவிலை கொடுத்து வாங்கிய கருவி புதிய கமராவின் முன் பயனிழந்தது.

இதற்கெதிரான முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. டேவ் கொபின் என்பார் 1997 முதல் ‘டீசீறோ’ என்னும் நிரலைத் தனியொருவராக எழுதி, நூற்றுக்கணக்கான கமராக்களின் எழுத்தை ஆய்ந்தறிந்து, யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். 2005இல் நிக்கன் நிறுவனம் டீ2எக்ஸ் கமராவின் வெண்சமநிலை விவரத்தை மறையெழுத்தாக்கியமை வெளிப்பட்டபோது, படம் எடுத்தவர்க்கே அதன் மூலத்திற் பூரண உரிமையில்லையோ என்னும் வினா எழுந்தது.

பொதுவடிவம்

2004 செப்டெம்பரில் அடோபி நிறுவனம் டீ.என்.ஜி. என்னும் பொதுவடிவத்தின் இலக்கணத்தை வெளியிட்டது. மூலக்கோப்பை அவ்வடிவுக்கு மாற்றும் நிரலும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதன் சிறப்பு யாதெனின், கமராவின் நிற இயல்பை விளக்கும் எண்கள் கோப்பினுள்ளேயே எழுதப்படுதலாம். உரை ஏட்டோடு சேர்த்தெழுதப்பட்டாற்போல, தான் முன்பின் அறியாத கமராவின் கோப்பையும் பழைய மென்பொருள் அதனாற் படிக்க வல்லதாகின்றது. மாற்றும் நிரல் தனித்தியங்குவதாகலின், அதனைப் புதிய கணினியில் இயக்கி, கிடைக்குங் கோப்பைப் பழைய கணினிக்குக் கொண்டுசெல்லலும் கூடும்.

எனினும் இதற்கும் வரம்புண்டு. 2023இல் வந்த டீ.என்.ஜி. 1.7, ஜேபெக் எக்ஸ்.எல். என்னும் புதிய சுருக்க முறையையும் ஏற்றுக்கொண்டது. அவ்வகைக் கோப்பைப் பழைய கருவி அறியாது. ஆகவே மாற்றும்போது தம் மென்பொருளுக்கேற்ற பழைய பொருத்தநிலையைத் தெரிதல் இன்றியமையாதது; சீ.எஸ்.6க்கு 7.1 என்பது பொருந்தும். பழைய கருவி படத்தைத் திறக்குமேயன்றிப் பிற்காலத்துத் திருத்த முறைகளைப் பெற்றுவிடாது. மேலும், கமரா தயாரிப்பாளர்க்கேயுரிய சில குறிப்புகள் மாற்றத்தில் விடுபடல் கூடுமாதலின், முதற்கோப்பை அழித்தல் தகாது. படியெடுத்தபின் ஏட்டை ஆற்றில் விடும் வழக்கம் எத்துணை இழப்பை விளைத்ததென்பதைத் தமிழுலகம் அறியும்.

முடிவுரை

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது குடும்பப் படங்களும் பல வீடுகளிற் கைவிடப்பட்டன. அவ்விழப்புகள் தீயாலும் போராலும் நேர்ந்தவை. இனி நேரக்கூடிய இழப்பு அத்தகையதன்று; பேழையிலிருந்தும் படிக்கப்படாதொழிதல் என்னும் அமைதியான இழப்பு அது. குருநகர்க் கரையின் இன்றைய படங்களைப் பின்வருவோரும் காணவேண்டுமாயின், முதற்கோப்பையும், அதன் பொதுவடிவப் படியையும், முடிந்த ஜேபெக் படத்தையும் ஒருங்கே காத்தல் வேண்டும். மூலமும் உரையும் பதிப்பும் ஒன்றற்கொன்று துணையாய் நின்றபோதே தமிழ் நூல்கள் பிழைத்தன. படங்களின் வாழ்வும் அவ்வழியதே.