புரோநோட்டும் நில அடமானமும்

புரோநோட்டு என்பது வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடனாளி எழுதிக் கையொப்பமிடும் கடனுறுதிச் சீட்டு. அடமானம் என்பது கடனுக்கு நிலத்தையோ வீட்டையோ ஈடாக வைப்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. சட்டம் அப்படி எண்ணவில்லை. முன்னது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும், பின்னது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலும் அடங்கும்.

புரோநோட்டைப் பதிவு செய்ய வேண்டியதில்லை; ஆகவே அது வில்லங்கச் சான்றில் தெரியாது. 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கெடு முடியுமுன் கடனாளி ஒரு தொகை கட்டி, சீட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து மறுபடியும் 3 ஆண்டு. 100 ரூபாயும் அதற்கு மேலுமான அடமானத்துக்கோ பதிவும் இரண்டு சாட்சிகளும் தேவை. மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

அடமான வகைகளில் நம் ஊர்களில் நன்கு அறியப்பட்டது ஒத்தி, அதாவது போக்கியம். கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவித்து, விளைச்சலை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்வார். கல்வெட்டுகளில் காணப்படும் ஒற்றி என்ற சொல்லின் பேச்சு வடிவமே இது.

சிக்கல் மிகுந்தது நிபந்தனைக் கிரயம். கடன் கொடுத்தவர் பெயருக்கு நிலத்தைக் கிரயம் எழுதிவிட்டு, பணம் கட்டினால் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்வார்கள். பேச்சு பெரும்பாலும் வாய்மொழியாகவோ தனித் தாளிலோ இருந்ததால், அது கிரயமா அடமானமா என்று ஓயாமல் வழக்கு நடந்தது. நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அடமானம் என்று 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. நீதிமன்றத்துக்கு இது வசதிதான். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு நன்மை என்று சொல்வது கடினம். தனித் தாளை நம்பியவர் அடமானம் வைத்தவருக்குரிய மீட்புரிமையை இழந்தார். குறித்த கெடுவுக்குள் பணம் கட்டினால் மட்டுமே மறுகிரயம் கேட்க முடிந்தது.

1938-இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி தள்ளுபடியானது. அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. புரோநோட்டில் கைவைக்க மாகாணத்துக்கு அதிகாரமில்லை என்ற வாதம் பெடரல் நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் பிழைத்தது.

அடமானத்தை மீட்க 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 60 ஆண்டு கொடுத்திருந்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 ஆக்கியது. ஒத்தி எழுதிய நாளிலிருந்து 30 ஆண்டு கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது, கடன் தீரும்போதுதான் கெடு தொடங்கும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டன் ஒத்தி வைத்த நிலத்தைப் பேரன் இன்றும் பணம் கட்டிக் கேட்கலாம்.