வட்டுக்கோட்டைச் செமினறி: குசினியும் கிரகணமும் அங்காதிபாதமும்

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வட்டுக்கோட்டைச் செமினறியைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, இருண்டு கிடந்த யாழ்ப்பாணத்துக்கு வெள்ளைக்காரர் விளக்கேற்றினார்கள் என்பது. மற்றது, சோறும் இங்கிலீசும் கொடுத்து மதம் மாற்றினார்கள் என்பது. நான் கிறிஸ்தவப் பெண். முதல் கதையைக் கேட்டு வளர்ந்தவள். இரண்டுமே அங்கே படித்த பிள்ளைகளைப் பொம்மைகளாக்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். அந்தப் பிள்ளைகள் பொம்மைகளாக இருக்கவில்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை விரும்பவில்லை. இலங்கையில் ஆளுநர் பிரவுன்றிக் இடம் கொடுத்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பாவித்து, கூரை இழந்து கிடந்த பழைய தேவாலயங்களைத் திருத்திக் குடியேறினார்கள். பின்வந்த ஆளுநர் பார்ன்ஸ் வேறு மாதிரியானவர். 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளர் வந்திறங்கியபோது அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதற்கான தடை 1833 வரை நீடித்தது.

இந்தத் தடையைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. பாஸ்டனிலிருந்து புதிய ஆட்கள் வர முடியாது. இருப்பவர்களோ நோயில் விழுகிறார்கள், சாகிறார்கள். அப்படியானால் உள்ளூர்ப் பிள்ளைகளை ஆசிரியர்களாக, போதகர்களாக, எழுத்தாளர்களாக வளர்த்தே ஆகவேண்டும். 1823இல் டானியல் புவர் தலைமையில் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியபோது அதன் பின்னால் இந்த நெருக்கடியும் இருந்தது.

அதற்கான திட்டத்தை அதே ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம் மூன்றும் அதில் இருந்தன. தெரிந்தெடுத்த மாணவர்களுக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன். கணிதம், தர்க்கம், இயற்கைத் தத்துவம், வானசாஸ்திரம். தமிழ் என்றால் பேச்சுத் தமிழ் மட்டுமல்ல. இலக்கணமும் செய்யுளும் சேர்ந்த உயர்தமிழ். மெக்காலே இந்தியக் கல்வி பற்றிய தன் குறிப்பை எழுதியது 1835இல். அதற்கு 12 வருடம் முன்னரே ஒரு கிராமத்தில் நியூ இங்கிலாந்துப் பாதிரிமார் தமிழையும் யூக்ளிட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. சைவத்தை மறுக்க வேண்டுமென்றால் சைவ நூல்களைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதே அது. ஆனால் படிப்பு நோக்கத்தோடு நின்றுவிடுமா?

இனி அந்த வளவுக்குள் வருவோம். தங்கிப் படிக்கும் பள்ளி என்றால் முதல் பிரச்சினை சோறு. மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்தார்கள். அதனால் ஆரம்ப நாட்களில் பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் குசினி போட்டார்கள். சமைக்கவும் அந்தப் பிள்ளைகளின் சாதிக்குப் பொருத்தமான ஆளைத்தான் வைத்தார்கள். தேவனுக்கு முன் எல்லோரும் சமம் என்று காலையில் பிரசங்கம், மத்தியானம் வேலிக்கு அப்பால் போய்ச் சாப்பாடு. பின்னர் குசினி உள்ளே வந்தது உண்மை. ஆனால் செமினறியில் படித்தவர்கள் கடைசி வரைக்கும் பெரும்பாலும் வெள்ளாளர்களே. மிஷன் சரித்திரத்தைப் பெருமையாகச் சொல்லும் நம் ஆட்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாழ்த்தத் தேவையில்லை. யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதும் அந்தப் பள்ளியின் வரலாறுதான்.

இரண்டாவது, பெயர். அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுக்கு. இறந்துபோன மகனின் பெயர், பிடித்த போதகரின் பெயர் என்று ஏதோ ஒன்று. இப்படித்தான் கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்ற பெயர்கள் நமக்கு வந்தன. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மாசச்சூசெட்ஸ், மறுபக்கம் கந்தசுவாமி கோயில் வீதி. இன்று வெள்ளைக்காரச் சக ஊழியர்களின் நாக்குக்கு வசதியாகப் பெயரைச் சுருக்கிக்கொள்கிற நம்மில் பலருக்கு இது புரியும். ஆனால் பாருங்கள், தகப்பன் வைத்த பெயரை அவர்கள் கழற்றி எறியவில்லை. இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர், தகப்பன் வைரவநாதபிள்ளை. ஆங்கிலத்தில் அவர் சி. டபிள்யூ. தாமோதரம்பிள்ளை, அதில் அமெரிக்கப் பெயர் இருக்கிறது. தமிழில் சி.வை. தாமோதரம்பிள்ளை, அதில் சிறுப்பிட்டியும் வைரவநாதரும் இருக்கிறார்கள். எழுத்துகள் ஏறக்குறைய அதே, ஆள் வேறு! செமினறியில் படித்து, பிறகு சைவத்துக்குத் திரும்பி, ‘சைவ மகத்துவம்’ எழுதினார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏட்டில் கிடந்தவற்றைப் பதிப்பித்தார். அவருடைய மகன் மீண்டும் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகராகவும் தமிழறிஞராகவும் இருந்தார். மூன்று தலைமுறையில் எத்தனை முறை வேலி தாண்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கிரகணம். 1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம். அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பேர்பெற்ற பஞ்சாங்கக்காரர் இருந்தார். அவருடைய பஞ்சாங்கம் குறித்த கிரகணத்தின் நேரத்திலும் அளவிலும் பிழை இருப்பதாகப் புவர் கணித்து, முன்கூட்டியே ஊருக்குச் சொன்னார். கிரகணம் வந்தது. புவரின் கணக்கே சரியாக இருந்தது. மிஷன் எழுத்துகளில் இது பெரிய வெற்றியாக வரும்.

எனக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. சாஸ்திரியாரும் கிரகணத்தைக் கணித்துத்தான் இருந்தார்; வித்தியாசம் நிமிடக் கணக்கில். 1825இல் பாண்டிச்சேரியில் ஜான் வாரன் என்பவர், ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே கிரகணம் கணிப்பதைப் பார்த்து அசந்துபோய் எழுதிவைத்தார். செமினறிக்காரர்களும் உள்ளுக்குள் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் புவருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்டன், தமிழ் வானசாஸ்திர முறையை முறையாகக் கற்று, 1848இல் தமிழ் மூலத்தோடு ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். பிறகு சிவஞானபோதத்தையும் ஆங்கிலமாக்கினார். மறுக்கப் படித்தவர் மொழிபெயர்ப்பாளராகி முடிந்தார்.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகையை நடத்தியவர்கள் செமினறியின் பழைய மாணவர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். நெவின்ஸ் தமிழில் ‘நியாய இலக்கணம்’ எழுதினார். கரோல் பீஜகணிதம் எழுதினார். பீஜகணிதம் என்றால் அல்ஜீப்ரா. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவர் இந்தக் கரோலும் தாமோதரம்பிள்ளையும்தான்.

இப்போது என் தொழிலுக்குப் பக்கமாக வருகிறேன். சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 1847இல் வந்தார். செமினறியில் படித்த இளைஞர்களை எடுத்து வைத்தியம் பழக்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில். போகப்போக அவருக்கு ஒன்று புரிந்தது: இங்கிலீசில் வைத்தியம் படித்தவன் கிராமத்தில் நிற்கமாட்டான், அரசாங்க வேலைக்குப் போய்விடுவான். 1864 முதல் முற்றிலும் தமிழிலேயே கற்பித்தார். கிறிஸ்தவனாவதற்குக் கால்சட்டையும் தொப்பியும் தேவையில்லை என்று வாதாடிய அமெரிக்கர் அவர். பழைய மாணவர்களின் துணையோடு அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். ‘அங்காதிபாதம்’ என்றால் உடற்கூற்றியல். தலையிலிருந்து கால்வரை என்பதுபோல ஒலிக்கிற சொல். நான் தாதிப் படிப்பில் எலும்புகளின் பெயர்களை இலத்தீனில் உருப்போட்டவள். அதே எலும்புகளுக்கு 150 வருடத்துக்கு முன் மானிப்பாயில் ஒரு மாணவன் தமிழில் பெயர் சொல்லிப் பரீட்சை எழுதியிருக்கிறான் என்பது அப்போது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. வார்டில் வயதான தமிழ் அம்மா ஒருவர் நோவு எங்கே என்று சொல்லத் தெரியாமல் கையைக் காட்டும்போதெல்லாம் கிறீனின் மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக நடந்த செமினறியை ஏன் மூடினார்கள்? மூடியவர்கள் அதன் எதிரிகள் அல்ல, பாஸ்டனிலிருந்த அதே மிஷன் சங்கம். 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பண நெருக்கடியில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமப் பள்ளிகளை மிஷன் மூடியபோதே காற்று மாறத் தொடங்கிவிட்டது. 1855இல் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். மாணவர்களில் சபை அங்கத்தவர்கள் சிறு பகுதியினரே. படித்து முடித்தவர்கள் கிராமத்துப் போதகர்களாகப் போகாமல் கச்சேரியிலும் இந்தியாவிலும் உத்தியோகம் தேடினார்கள். அண்டர்சனின் முடிவு: ஆங்கிலக் கல்வி சபையை வளர்க்கவில்லை, மிஷன் தமிழில் மட்டும் கற்பித்தால் போதும். அந்த வருடத்தோடு செமினறி மூடப்பட்டது. அதே வருடம் பெப்ரவரியில் டானியல் புவர் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்துபோயிருந்தார்.

அண்டர்சனும் கிறீனும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: தமிழில் கற்பியுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கிறீன் கேட்டது முழு வைத்தியத்தையும் தமிழுக்குள் கொண்டுவர. அண்டர்சன் கேட்டது, சங்கத்துக்குத் தேவையான அளவு படிப்பு மட்டும் போதும் என்று. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அந்த வித்தியாசத்தை நுணுக்கமாக ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும், அதற்கு இங்கிலீசு வேண்டும். மிஷன் மூடிய கதவை ஊர் தன் காசில் திறந்தது. செமினறியில் படித்தவர்களே தனியாக ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் இந்த நாடுகளுக்கு வந்த பாதையும் அந்தப் பள்ளிகளின் வழியாகத்தானே போகிறது.

கொழும்பில் 1870இல் அரசாங்க வைத்தியப் பள்ளி தொடங்கியது. படிப்பு ஆங்கிலத்தில். கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1872இல், உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் விடாமுயற்சியால் செமினறி இருந்த அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது, ஆங்கிலக் கல்வியோடு. அதே 1872இல்தான் கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் மானிப்பாயில் அச்சாகி வெளிவந்தது.