முதற் சவரக்கத்தியும் மைசூர் உருக்கும்

உத்தியோக நிமித்தமாகப் பெங்களூரில் குடியேறிய நாம், நாற்பது வயதைக் கடந்த பின்னர், மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கிப் பழகுவதென்று துணிந்தோம். இது சற்று விந்தையான ஆசைதான். அமெரிக்கராகிய கில்லெட் 1904 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சவரக்கருவியும் அதன் மெல்லிய பிளேடும் உலகெங்கும் பரவிய பின், தீட்டிப் பயன்படுத்தும் கத்தி பெரும்பாலும் வழக்கொழிந்தது. நம்மவருள் பலர் இல்லங்களில் அஃது என்றுமே இருந்ததில்லை. திண்ணையோரத்தில் அடைப்பத்தைப் பிரித்து அமர்ந்த தொழிலாளியின் கையிலேதான் அது இருந்தது. நாம் முகத்தைக் கொடுத்தோம். கத்தியை அறிந்தவர் அவரே. பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞர் பெரே என்பவரோ, தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூலொன்றை 1769 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்.

சிக்கபேட்டையை அடுத்துக் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கத்திகள் சில கிடைத்தன. ஷெஃபீல்டு, ஸோலிங்கன் என்னும் ஊர்ப்பெயர்களைக் கண்டதும் நம் கை தானாகவே நீண்டது. ஒன்றின்மேல் ‘வெள்ளி எஃகு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வெள்ளி கலந்த கத்தி என்று கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கினோம். மறுநாட் காலையில் முகவாய்க்கட்டையில் குருதி வடிந்தது.

ஆயினும் அப்பொறிப்பின் வரலாறு நம்மை இழுத்துக்கொண்டு போயிற்று. இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி வினைஞர் இருந்தார். அவரும் மைக்கேல் பாரடேயும் சேர்ந்து எஃகுடன் வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து ஆராய்ந்து, 1820 லும் 1822 லும் கட்டுரைகள் வெளியிட்டனர். ஐந்நூறு பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி என்பது அவர்கள் கண்ட அளவு. பிற்காலத்து வினைஞர் பலர் அப்பெயரை வெறும் விளம்பரமாகவே பொறித்தனர். நம் கத்தி எவ்வகையது என்பதைக் குருதியே சொல்லிற்று!

அவ்விருவரையும் ஆராய்ச்சிக்குத் தூண்டியது எது? நம் நாட்டு எஃகே. 1794 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர், இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் பாங்க்ஸுக்கு இவ்வெஃகுக் கட்டிகளை அனுப்பினார். அதில் பேனாக்கத்தி அடித்துப் பார்த்தவர் ஸ்டோடர்ட். பல்லாண்டு ஒப்பிட்ட பின், ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இதுவே மேல் என்று தம் விளம்பரச் சீட்டிலேயே அறிவித்து, சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்து விற்றார். பாரடே 1819 இல் இதனைப் பகுத்தாய்ந்து, இதன் சிறப்புக்கு அலுமினியம் காரணமென்று கருதினார். பேரறிஞரும் வழுக்கிய இடம் அது. உண்மைக் காரணம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரியும், அஃது எஃகினுள் அமைந்த விதமுமே. ஆங்கிலேயர் இதனை ‘ஊட்ஸ்’ என்றனர். ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு அது என்பது பலர் கொள்கை. நம் ‘உருக்கு’ அதற்கு உடன்பிறப்பு.

இவ்வுருக்கு வடிந்த உலைகள் பெங்களூருக்குத் தொலைவில் இல்லை. 1800 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ச் சீமையைச் சுற்றிய பிரான்ஸிஸ் புக்கானன், மதுகிரி வட்டாரத்தில் எஃகு செய்யும் முறையை விரிவாக எழுதிவைத்தார். சன்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு இழுத்த எஃகுக் கம்பியின் புகழையும் குறித்தார். சேலத்திலும் இத்தொழில் நடந்தது. இரும்புத் துண்டுகளையும் ஆவாரங் கட்டையையும் மண்குகையில் இட்டு, பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்குவார்கள். சில இடங்களில் அப்பச்சிலை எருக்கிலையாகும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் இலண்டன் கனவானின் கன்னத்தைத் தொட்டன என்றால் நம்புவார் யார்! பின்னர் மலிவான இங்கிலாந்து இரும்பு வந்து குவிந்தது. கரிக்கு வேண்டிய காடுகளுக்கும் தடை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உலைகள் அவிந்தன. அவற்றை ஊதியவர்களின் பெயர் எந்த விளம்பரச் சீட்டிலும் ஏறவில்லை.

காயம் ஆறியதும் கத்தியை எடுத்துக்கொண்டு அல்சூரில் கடை வைத்திருக்கும் தமிழ் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவரும் இப்பொழுது ஆளுக்கொரு புதுப் பிளேடு மாட்டித்தான் சவரம் செய்கிறார். எனினும் பழைய தோல்வார் சுவரில் தொங்குகிறது. “பெரியவரே, இது ஷெஃபீல்டு” என்றோம்.

“பெயர் இருக்கட்டும் சார்” என்றவர், கத்தியைக் கண்ணாடிமேல் படுக்கவைத்தார். முதுகும் வாயும் ஒருசேரப் படியவில்லை. நடுவே வெளிச்சம் தெரிந்தது. “எவனோ சாணைச் சக்கரத்தில் கொடுத்துக் கெடுத்திருக்கிறான். சூட்டில் பதம் போய்விட்டது. முதற்கத்திக்கு முனை மழுங்கியிருக்க வேண்டும். இதன் முனை ஊசி மாதிரி இருக்கிறது. அகலம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்தால் போதும். வாயில் வெடிப்பு உண்டா என்று நகத்தில் இழுத்துப் பாருங்கள்.”

பிறகு தம் அடைப்பத்திலிருந்து ஒரு கத்தியை எடுத்து, வாரில் இருபது முறை இழுத்து, நம் முன்கை மயிரில் வைத்தார். ஓசையின்றி உதிர்ந்தது. அதனையே விலைக்குக் கேட்டு வாங்கி வந்தோம். தீட்டித் தீட்டி அதன் அடியிலிருந்த ஊர்ப்பெயர் முற்றும் தேய்ந்துவிட்டது.