பாராசூட்டில் வந்த மணப்பெண்

உளவுக் கதைகளில் காதல் என்றாலே வஞ்சகம்தான். மயக்கி ரகசியம் கறக்கும் ஒரு பெண், ஏமாந்து நிற்கும் ஓர் அதிகாரி. இந்தப் பழைய சித்திரம் எனக்கு எப்போதுமே கசக்கும். வரலாற்று வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் நான் பேர்ல் விதரிங்டனைப் பற்றித்தான் சொல்வேன்.

ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் பாரிஸில் பிறந்தவர் அவர். தந்தையின் குடியால் குடும்பம் நொடித்தது. இளம் வயதிலேயே வேலைக்குப் போய்த் தாயையும் தங்கைகளையும் தாங்கினார். அவர் மனத்துக்குப் பிடித்தவர் ஆன்றி கோர்னியோலே. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. ஆன்றி பிரெஞ்சுப் படைக்குப் போய், ஜெர்மானியரிடம் கைதியாகி, பிறகு தப்பினார். பேர்ல் தாயோடும் தங்கைகளோடும் 1941இல் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே விமானத்துறை அமைச்சகத்தில் பாதுகாப்பான வேலை கிடைத்தது. அவருக்கு அது போதவில்லை. எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பில் சேர்ந்து, 1943 செப்டம்பரில் ஓர் இரவு, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் பாராசூட்டில் இறங்கினார். நாட்டுப்பற்று ஒரு காரணம், ஆன்றி இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

மாரிஸ் சவுத்கேட் நடத்திய வலையமைப்பில் அவர் தூதர். அழகுசாதன விற்பனைப் பிரதிநிதி என்ற வேடத்தில், குளிர் நடுக்கும் இரவு ரயில்களில் செய்திகளைச் சுமந்தார். ஆன்றியும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

1944 மே 1 அன்று மோன்லுசோனில் சவுத்கேட் ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டாபோவிடம் சிக்கினார். களைத்துப்போயிருந்த வானொலிக் கருவி இயக்குபவரான அமெதே மேங்கார்டைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி, பேர்லும் ஆன்றியும் அன்று பிற்பகல் வெளியே அழைத்துப் போயிருந்தார்கள். மூவரும் தப்பியது அதனால்தான். ஒரு காதல் ஜோடி கழித்த சாதாரணப் பிற்பகல் மூன்று உயிர்களைக் காத்தது.

அதன்பின் வலான்சே பகுதியின் பொறுப்பு பேர்லிடம் வந்தது. ஜூன் 11 அன்று ஜெர்மானியர் அவர்களது முகாமைத் தாக்கியபோது, கோதுமை வயலில் படுத்துக் கிடந்தார். காற்றில் கதிர்கள் அசையும்போது மட்டுமே தானும் நகர்ந்தார். பிறகு சிதறிய ஆட்களைத் திரட்டினார். கோடைக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கெரில்லாப் போராளிகள் அவர் பின்னால் நின்றார்கள். அவர் தலைக்குப் பத்து லட்சம் பிராங்க் விலை வைக்கப்பட்டது.

அக்டோபரில் லண்டனில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

போருக்குப் பின் அவருக்குக் குடிமைப் பிரிவில் விருது தந்தார்கள். தான் செய்தது மேசை வேலை அல்ல என்று திருப்பி அனுப்பினார். ராணுவப் பிரிவு விருது பிறகு வந்தது. பாராசூட் வீரர்களுக்கான சிறகுச் சின்னம் கிடைக்க 2006 வரை, தொண்ணூற்றொரு வயது வரை, காத்திருந்தார். ஆன்றி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

காதல் உளவாளியைப் பலவீனப்படுத்தும் என்பார்கள். பேர்லை எதிரி பிடித்திருந்த மண்ணுக்குத் திரும்பிப் போகவைத்ததே காதல்தான். சினிமாவில் பார்க்கும் மயக்குக்காரிகளுக்கு முன்னால், நம் பிள்ளைகள் இந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.