வாக்கியத்தின் கடைசிச் சொல்

ஆங்கிலம் பயில்வோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "இன், அட், டூ, வித் போன்ற சிறு சொற்களில் ஆங்கில வாக்கியத்தை முடிக்கலாமா?" என்பதே அது. முடிக்கலாகாது என்று அவர்களுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். அவ்விதியின் வரலாற்றை அறிந்தால் அச்சம் தானே அகலும்.

தமிழில் வேற்றுமை உருபு பெயர்க்குப் பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதன் பணியைச் செய்யும் சிறு சொல் பெரும்பாலும் பெயர்க்கு முன்னே வருகிறது. ஆயினும், "எதைப் பார்க்கிறாய்?" என்று வினவும் ஆங்கிலேயர், "வாட் ஆர் யூ லுக்கிங் அட்?" என்றே இயல்பாகக் கூறுவர். 'அட்' என்பது இறுதிக்குச் சென்றுவிடுகிறது. ஷேக்ஸ்பியரும் இவ்வாறு எழுதியதுண்டு.

1672-ஆம் ஆண்டில் கவிஞர் ஜான் டிரைடன், முந்திய தலைமுறையினரான பென் ஜான்சனின் நாடகமொன்றை ஆராய்ந்து, இவ்வழக்கைக் குற்றமென்றார். தம் எழுத்திலும் அது உண்டென ஒப்புக்கொண்டார். 1668-இல் வெளியான தம் கட்டுரை நூலை 1684-இல் மீண்டும் பதிப்பித்தபோது அத்தகைய வாக்கியங்களை மாற்றியமைத்தார். ஐயம் எழுந்தால் தம் ஆங்கிலத்தை லத்தீனில் பெயர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். லத்தீனிலோ அச்சொல் இவ்வாறு இறுதியில் தனித்து நிற்பதில்லை. அம்மொழியின் செல்வாக்கே அவரை இவ்வாறு எண்ணச் செய்தது என்று நான் கருதுகிறேன்.

1762-இல் ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார் ஓர் இலக்கண நூல் எழுதினார். இவ்வழக்கு பேச்சுக்கும் எளிய நடைக்கும் பொருந்தும். உயர்ந்த நடைக்கு மற்றதே அழகு என்பது அவர் கருத்து. நம் மொழி இவ்வழக்கை மிகவும் நாடுகிறது என்று சொல்ல வந்த அவர், அந்த வாக்கியத்தையே 'டூ' என்று முடித்தார்! 1795-இல் லிண்ட்லி மரே, இங்கிலாந்தின் யார்க் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றிற்காகத் தம் இலக்கணத்தை இயற்றியபோது, லௌத்தின் அவ்வாக்கியத்தை எடுத்தாண்டு, அந்த 'டூ'வை முன்னே நகர்த்தித் திருத்திவிட்டார். மரேயின் நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிதோறும் பரவியது.

இவ்வாறு ஒரு கவிஞரின் விருப்பம் ஓர் அறிஞரின் அறிவுரையாகி, பின்னர் வகுப்பறையின் கட்டளையாயிற்று. 1926-இல் ஆங்கில வழக்ககராதி வெளியிட்ட ஹென்றி ஃபௌலர், இதனை மூடநம்பிக்கை என்றே கூறிவிட்டார்.

இதனால் இலக்கணமே வேண்டாவென்று நான் சொல்லவில்லை. ஒருமை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை வேண்டும் என்பது போன்ற விதிகள், அம்மொழியைப் பேசுவோரின் வழக்கிலிருந்து பிறந்தவை. அவற்றைப் பிழையறக் கற்க வேண்டும். ஆனால், நல்ல எழுத்தாளர் வழக்கிற்கு மாறான விதியொன்றைக் காணுங்கால், "இதனைச் சொன்னவர் யார்? எப்போது? எதன் பொருட்டு?" என்று வினவுங்கள். அவ்வாறு வினவத் தெரிந்த மாணவன் அயல்மொழியையும் அஞ்சாமல் எழுதுவான்.