கித்தாரின் மெட்டுகள் சொல்லும் கதை

தோட்டத்துக் கல்யாணப் பந்தலிலும் தீபாவளிக் கூட்டங்களிலும் கித்தார் ஒலிக்கக் கேட்டிருப்பீர்கள். அதை வாசிக்கும் இளைஞர் தந்திகளை முறுக்கி முறுக்கிச் சுருதி சேர்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு கார்டு இனிமையாக ஒலிக்கும். அடுத்த கார்டைப் பிடித்தால் எங்கோ இடறும். அதைச் சரி செய்தால் முன்னது கெட்டுவிடும். "உனக்குக் காது போதாது தம்பி" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். அதை நம்பிக் கித்தாரை மூலையில் சாய்த்து வைத்துவிட்டவர்கள் உண்டு. ஆனால் குறை காதில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அறிய, கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்துள்ள உலோகக் கம்பிகளின் வரலாற்றைக் காண வேண்டும். வீணையில் அவற்றை மெட்டு என்கிறோம். இங்கும் அப்படியே சொல்வோம்.

தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். கிரேக்க அறிஞர் பைதாகரஸ் இதை ஆராய்ந்தார் என்பது மரபு. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தந்தியை மீட்டினால் வருவது சட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிபாதியாக்கினால் மேல் ஸ்தாயிச் சட்ஜம் வரும். மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் பஞ்சமம். ஐந்தில் நான்கு பங்கு ஒலித்தால் அந்தர காந்தாரம். இவை காது தானாகவே ஒப்புக்கொள்ளும் சுத்தமான சுரங்கள்.

ஸ்பெயின் நாட்டில் 1546-ஆம் ஆண்டில் அலோன்சோ முதார்ரா என்பவர் வெளியிட்ட நூலில் கித்தாருக்கான பாடங்கள் உள்ளன. அன்றைய கித்தாருக்கு நான்கு வரிசைத் தந்திகளே. மெட்டுகளும் உலோகமல்ல, ஆட்டுக் குடலில் திரித்த நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சுருதி சேரவில்லை என்றால் மெட்டையே சற்று நகர்த்திக்கொள்ளலாம். நம் வீணையிலும் மெட்டுகளை மெழுகின் மேல் பதிப்பவர், காதால் கேட்டுக் கேட்டே இடம் பார்த்து வைப்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நகர்த்துவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே மெட்டு எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே போகிறது. ஒரு தந்தியின் காந்தாரத்துக்காக அதை நகர்த்தினால், அடுத்த தந்தியில் வேறொரு சுரம் கெட்டுவிடும். பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் இசையில் இது பெரிய தொல்லை.

இதற்கு வழி சொன்னவர்களுள் ஒருவர் இத்தாலி நாட்டு இசைக்கலைஞர் வின்சென்சோ கலிலி. வானநூல் அறிஞர் கலிலியோவின் தந்தை இவர்தான். 1581-இல் வெளியிட்ட நூலில் அவர் ஓர் எளிய கணக்கைத் தந்தார். தந்தியின் நீளத்தில் 18-இல் ஒரு பங்கை ஒதுக்கி முதல் மெட்டை வை; மீதி நீளத்தில் 18-இல் ஒரு பங்கை ஒதுக்கி இரண்டாவதை வை; இப்படியே போ என்றார். கடைக்காரரிடம் பட்ட கடனில் மாதந்தோறும் மீதியில் 18-இல் ஒரு பங்கைக் கட்டிவந்தால் தவணை குறைந்துகொண்டே போகும் அல்லவா? கித்தாரில் மெட்டுகள் கீழே வரவர நெருங்குவதும் அதனால்தான்.

கலிலியின் கணக்கில் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் விழாது. 65 சென்டிமீட்டர் தந்தியில் சுமார் 2 மில்லிமீட்டர் தவறும். பிழையற்ற எண்ணைச் சீனாவில் மிங் அரச குலத்து இளவரசர் சூ சாய்யூ 1584-இல் வெளியிட்டார். முன்பு சீனர் கடைகளில் கணக்குப் பார்த்தார்களே, அதே மணிச்சட்டத்தைக் கொண்டு அவர் அதைக் கண்டார். இன்று கித்தார் செய்வோர் 18-க்குப் பதிலாக 17.817 என்ற எண்ணால் வகுக்கிறார்கள். பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாக 32.5 சென்டிமீட்டரில் விழுகிறது.

இந்தச் சமரசத்துக்கு ஒரு விலை உண்டு. ஏழாம் மெட்டில் வரும் பஞ்சமம் சுத்தமான இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர்தான் விலகுகிறது, காதுக்குத் தெரியாது. ஆனால் நான்காம் மெட்டில் வரும் காந்தாரம்? சுத்தமாக ஒலிக்க 52 சென்டிமீட்டர் தந்தி வேண்டும். மெட்டோ 51.6 சென்டிமீட்டரில் இருக்கிறது. இந்த 4 மில்லிமீட்டரால் சுரம் சற்றே உயர்ந்துவிடுகிறது. எல்லாக் கார்டுகளும் ஓரளவு நன்றாக ஒலிப்பதற்காக, எந்தக் கார்டும் முழுச் சுத்தமாக ஒலிக்காது என்று ஏற்றுக்கொண்டதுதான் கித்தார். நம் இளைஞரின் காது கண்டுபிடித்தது இந்த 4 மில்லிமீட்டரைத்தான். அது கூர்மையான காது!

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் கித்தாருக்கு ஆறு ஒற்றைத் தந்திகள் அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரஸ் இன்று நாம் காணும் உடலமைப்பை உருவாக்கினார். குடல் நரம்புக்குப் பதிலாக நைலான் தந்தி 1940-களில் வந்தது.

ஆகவே சுருதி சேர்க்கும்போது ஒரு கார்டை மட்டும் கேட்டுத் தந்தியை முறுக்காதீர்கள். தடித்த ஆறாம் தந்தியை முதலில் சரி செய்யுங்கள். அதன் ஐந்தாம் மெட்டில் வரும் ஒலிக்கு ஐந்தாம் தந்தியைச் சேருங்கள். அப்படியே நான்காவது, மூன்றாவது. மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் மெட்டை அழுத்தி இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டாம் தந்தியின் ஐந்தாம் மெட்டுக்கு முதல் தந்தி.

அதன்பின் எல்லாக் கார்டிலும் சிறு குறை தெரிந்தால் கலங்க வேண்டாம். அது நானூறு ஆண்டுகளுக்கு முன் அறிஞர்கள் தெரிந்தே ஏற்ற குறை. மூலையில் சாய்த்து வைத்த கித்தார் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலை அதை எடுத்துத் தூசி தட்டிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.