சுள்ளி என்றொரு பெயர்

‘ட்விக்கி’ என்ற பெயரைத் தமிழாக்கினால் ‘சுள்ளி’ என்றுதான் வரும். அடுப்பெரிக்கப் பொறுக்கிவரும் சுள்ளி. பள்ளிச் சிறுமியொருத்தியின் ஒல்லியான கைகால்களைக் கேலி செய்யப் பிறந்த அப்பெயர், எழுபது வயதைக் கடந்த பின்னும் அவரை விடவில்லை. ஆங்கிலேய மாடல்களின் வரலாற்றைத் தொடுகிற எந்த நூலும் 1966ஆம் ஆண்டின் அந்தப் புகைப்படத்தில் வந்து நிற்கும்: குட்டையாக வெட்டிய தலைமயிர், விரிந்த பெரிய கண்கள், கீழிமையில் மையால் ஒவ்வொன்றாக வரைந்த இமைமயிர்கள். பெரும்பாலான நூல்கள் அங்கேயே நின்றும் விடுகின்றன. அப்பெண் மாடலாக இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தாம். பாடியும் ஆடியும் நடித்தும் கழித்தவை அதைப் போலப் பல மடங்கு. இக்கட்டுரை அந்தப் பல மடங்கைப் பற்றியது.

லெஸ்லி ஹார்ன்பி 1949 செப்டம்பர் 19இல், லண்டனின் வடமேற்கில் உள்ள நீஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தை லங்காஷயரிலிருந்து வந்த தச்சர். மூன்று பெண்களில் இவர் கடைக்குட்டி. தாயிடம் தையல் கற்று, தன் உடைகளைத் தானே தைத்து அணிந்துகொள்வார். சனிக்கிழமைகளில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் வாடிக்கையாளர்களின் தலையை அலசிவிடும் வேலை. 1966இன் தொடக்கத்தில் மேஃபேர் பகுதியிலிருந்த லியனார்டின் புகழ்பெற்ற நிலையத்தில் அவருடைய கூந்தல் வெட்டப்பட்டது. பேரி லாட்டேகன் எடுத்த படம் அங்கேயே சுவரில் மாட்டப்பட்டது. தலை அலங்காரத்துக்காக வந்த ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பத்திரிகையாளர் டெய்ர்ட்ரா மக்ஷாரி அதைப் பார்த்தார். பிப்ரவரி 23ஆம் தேதி இதழில் ‘1966இன் முகம்’ என்று அச்சாயிற்று. அந்த முகத்துக்கு வயது பதினாறு.

முகம் என்றார்களே தவிரக் குரல் என்று எவரும் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மாடலின் தொழில் பேசாமலிருப்பது. அவளுக்காகப் பேசுவதற்கு வேறொருவர் இருப்பார். லெஸ்லிக்கு வாய்த்தவர், அவரைவிடப் பத்து வயது மூத்த நைஜல் டேவிஸ். காதலரும் அவரே, மேலாளரும் அவரே. முடிதிருத்தும் நிலைய உதவியாளராக இருந்த இந்த லண்டன்காரர் ‘ஜஸ்டின் டி வில்நொவ்’ என்று பிரெஞ்சுப் பிரபுக்களின் சாயலில் தனக்கொரு பெயரைச் சூட்டிக்கொண்டவர். (உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் மேட்டுக்குடியின் வரவேற்பறைக்குள் நுழைந்த அறுபதுகளின் லண்டனில், ஒருவர் பிரபுவானார், ஒருத்தி சுள்ளியானாள். பெயர் சூட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்பதும் வரலாறுதான்.)

1967 மார்ச்சில் லெஸ்லி நியூயார்க் போய் இறங்கியபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை ஒரு வினோதப் பொருளாகவே பார்த்தன. ஐந்தடி ஆறங்குல உயரம், ஏறக்குறைய 41 கிலோ எடை என்று அளவுகளை எழுதி எழுதி மாய்ந்தன. அந்த உடலைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் பட்டினி கிடக்கத் தொடங்குவார்கள் என்ற கவலை அப்போதே எழுந்தது. தாம் இயல்பாகவே ஒல்லி என்றும், நன்றாகச் சாப்பிடுகிறவர் என்றும் லெஸ்லி திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியதாயிற்று. கவலை நியாயமானது. ஆனால் ஒரு பதின்பருவ உடலை உலகப் பெண்கள் அனைவருக்கும் அளவுகோலாக நட்டது உடை வணிகமும் பத்திரிகைகளும். குற்றச்சாட்டு மட்டும் அச்சிறுமியின் பெயரில் பதிவாயிற்று.

அக்காலத்தில் பதிவான ஒரு சிறு பேட்டியை இங்கே சொல்லியாக வேண்டும். நகைச்சுவைக் கலைஞராக வளர்ந்துகொண்டிருந்த வுடி ஆலன், உங்களுக்குப் பிடித்த தத்துவஞானி யார் என்று கேட்கிறார். படிப்பில்லாத பெண்ணைத் திணறடிக்கும் கேள்வி. எனக்கு எவரையும் தெரியாதே என்று வெள்ளந்தியாக ஒப்புக்கொண்ட லெஸ்லி, உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று திருப்பிக் கேட்கிறார். ஆலன் ஒரு பெயரும் சொல்ல முடியாமல் தடுமாறுகிறார். புகைப்படத்தில் ஒருபோதும் பதிவாகாத ஒன்று அந்தச் சில நொடிகளில் பதிவாகியிருக்கிறது.

1970இல், தம் இருபதாவது வயதில், மாடல் தொழிலிலிருந்து விலகினார். ஆயுள் முழுவதும் துணி மாட்டும் கொக்கியாக இருக்க முடியாது என்ற பொருளில் அவர் சொன்னது பிரசித்தம். விலகிய மாடல்கள் எல்லோரும் நடிப்பில் நிலைத்துவிடவில்லை. அவருக்கு முன்பே உச்சத்தில் இருந்த ஜீன் ஷ்ரிம்ப்டன் 1967இல் ‘பிரிவிலெஜ்’ படத்தில் நடித்தார். அதோடு திரையும் போதும், புகழும் போதும் என்று பின்னர் கார்ன்வாலுக்கு ஒதுங்கி, பென்ஸான்ஸில் ஒரு விடுதியை நடத்தினார். அதுவும் ஒரு விடுதலைதான்.

லெஸ்லிக்கு வழிதிறந்தவர் கென் ரஸ்ஸல். 1971இல் ‘தி டெவில்ஸ்’ படத்தால் தணிக்கையாளர்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்ட அதே ரஸ்ஸல், அதே ஆண்டில் ‘தி பாய் ஃபிரெண்ட்’ என்ற இசைச்சித்திரத்தை எடுத்தார். சாண்டி வில்சன் எழுதிய மேடை நாடகம் அது. பிராட்வேயில் 1954இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த பாத்திரம் இப்போது ஆடவோ பாடவோ முறையாகக் கற்றிராத ஒரு மாடலுக்கு. பல மாதங்கள் குரற்பயிற்சியும் தட்டாட்டப் பயிற்சியும் பெற்றுத்தான் படப்பிடிப்புக்குப் போனார்.

ரஸ்ஸல் மூலநாடகத்தை அப்படியே எடுக்கவில்லை. ஒரு சிற்றூர் நாடகக் குழு; பார்வையாளர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கதாநாயகிக்குக் காலில் அடிபட்டுவிட, மேடை உதவியாளராக எடுபிடி வேலை செய்யும் பெண் நடுங்கியபடி மேடையேறுகிறாள். அடிபட்ட நாயகியாக, பெயர்ப்பட்டியலில் இடம்பெறாமல், கிளெண்டா ஜாக்சன் வருகிறார். பயிற்சி பெற்ற பெருநடிகை ஒதுங்கி நிற்க, பயிற்சியில்லாதவள் விளக்கொளிக்குள் வருவது கதைக்குள்ளும் நிகழ்கிறது, கதைக்கு வெளியிலும் நிகழ்கிறது. அவருடைய குரல் சிறியது. அந்தச் சிறுமையை மறைக்க முயலாததே அதன் அழகு என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நிறுவனம் படத்தில் ஏறக்குறைய 25 நிமிடங்களை வெட்டி வெளியிட்டது. ஆயினும் 1972இல் லெஸ்லிக்கு இரண்டு கோல்டன் குளோப் விருதுகள் கிடைத்தன: இசை, நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகை, சிறந்த புதுமுகம்.

இதற்குப் பின் ஏற்றம் சீராக இருக்கவில்லை. 1973இல் வில்நொவுடன் பிரிவு. 1974இல் வந்த ‘டபிள்யூ’ என்ற மர்மப்படத்தை இன்று நினைவுகூர்பவர் அரிது. அதில் உடன் நடித்த மைக்கேல் விட்னியை 1977இல் மணந்துகொண்டார். 1981இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலிய’னில் எலிசா டூலிட்டில் ஆனார். கொச்சை மொழி பேசும் பூக்காரியைச் சீமாட்டியாக்கும் கதை. நீஸ்டன் பேச்சுடன் உலகைச் சுற்றிவந்து, அப்பேச்சுக்காகவே கேலியும் செய்யப்பட்டவர் அப்பாத்திரத்துக்கு எங்கும் போய் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்திராது.

1983 மே முதல் தேதி பிராட்வேயில் ‘மை ஒன் அண்ட் ஒன்லி’ அரங்கேறியது. கெர்ஷ்வின் சகோதரர்களின் பழைய பாடல்களைக் கொண்டு கோத்த நாடகம். ஆறரை அடி உயரமுள்ள டாமி ட்யூன் விமானியாகவும், லெஸ்லி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த வீராங்கனையாகவும் நடித்தனர். முன்னோட்டக் காலத்தில் இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் நீக்கப்பட்டார், நாடகம் மாற்றி எழுதப்பட்டது, தேறாது என்றே பலரும் நினைத்தனர். தேறியது. 767 முறை நிகழ்ந்தது. மேடையில் கணுக்காலளவு நீரில் இருவரும் வெறுங்காலுடன் ஆடும் காட்சி நாடக ரசிகர்களின் நினைவில் நிலைத்தது. லெஸ்லி டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அந்த வெற்றியின் நடுவில், 1983 நவம்பரில், மாரடைப்பால் விட்னி இறந்தார். மகள் கார்லிக்கு ஐந்து வயது நிறையச் சில நாட்களே இருந்தன. ஒவ்வொரு மாலையும் காதல் நாடகமொன்றில் சிரித்து ஆடவேண்டிய தொழில். லெஸ்லி மேடைக்குத் திரும்பினார். அந்த மாலைகளைப் படம்பிடித்து எவரும் சுவரில் மாட்டவில்லை.

1988இல் நடிகர் லீ லாசனை மணந்தார். அவ்வாண்டே இருவரும் நடித்து வந்தது ஜான் ஷ்லெசிங்கரின் ‘மேடம் சூசட்ஸ்கா’. இந்திய வாசகர்களுக்கு அது ஷபனா ஆஸ்மி நடித்த படமாக நினைவிருக்கலாம். பியானோ பயிலும் இந்தியச் சிறுவன் வந்துபோகும் பழைய வீட்டில் குடியிருக்கும் பாடகி ஜென்னியாக லெஸ்லி வருகிறார். புகழ் கிட்டுமா என்று காத்திருக்கும் பெண்ணாக அவர் நடித்திருப்பது நல்ல வேடிக்கை.

2005இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் விளம்பரங்களில், ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணியாக, மீண்டும் மாடலானார். 2019 புத்தாண்டுப் பட்டியலில் அரசின் ‘டேம்’ பட்டம் வந்தது. 2023இல் லண்டனின் மீனியர் சாக்லேட் ஃபேக்டரி அரங்கில் பென் எல்ட்டன் எழுதி இயக்கிய இசைநாடகம் அவருடைய வாழ்க்கையை மேடையேற்றியது. அதில் லெஸ்லி ஹார்ன்பியாக ஆடவும் பாடவும் பேசவும் வேறொரு இளம் நடிகை வந்தார்.